உள்ளே ஆள் இருக்காங்க

படகு கரையில் இடித்து நின்றதும் நீதுதான் முதலில் குதித்தாள். கையிலிருந்த பையை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, தென்னைகளுக்கு நடுவே போகும் வரப்பில் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

"சாவியை வாங்கிட்டுப் போடீ!" என்று வத்சலா கத்தினாள்.

"கக்கூஸுக்கு எதுக்கம்மா சாவி?"

படகுக்காரர் கழியை ஊன்றியபடியே சிரித்தார். "பிள்ளை சங்கனாச்சேரியிலேர்ந்தே அடக்கிக்கிட்டு வந்திருக்கும் போல."

"அவ அத்தை வளர்த்த பிள்ளையாச்சே," என்றான் நீதுவின் அப்பா சசாங்கன். "பஸ் ஸ்டாண்டுல போக மாட்டா. ஸ்கூல்ல போக மாட்டா. சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாலும் மாட்டா. அவளுக்கு உலகத்துலேயே ஒரே ஒரு கக்கூஸ்தான்."

சொல்லி முடித்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அக்கா செத்த பிறகு அவளைப் பற்றி அவன் வேடிக்கையாகப் பேசியது இதுதான் முதல் தடவை. படகுக்காரர் தண்ணீரைப் பார்த்தார்.

சித்திரை வெயிலில் காயல் அசையாமல் கிடந்தது. கடல் உப்பு ஏறிய தண்ணீரின் வாடை. எங்கோ வயலுக்கு அந்தப் பக்கம் வாத்துக் கூட்டம் ஒன்று இரைந்தது, பிறகு அதுவும் ஓய்ந்தது. போன கர்க்கடகத்தில், ஆடி மழையில் வந்த வெள்ளத்தில், வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டு ஊருக்கு வாடகைக்குப் போனவர்கள் இப்போதுதான் திரும்புகிறார்கள். சசாங்கனுக்குச் சுற்றுலாப் படகில் சமையல் வேலை மறுபடியும் கிடைத்திருந்தது. வீட்டுச் சுவரில், ஜன்னல்களின் நடுவே, வெள்ளம் நின்ற உயரம் பழுப்புக் கோடாக அப்படியே இருந்தது.

வத்சலா பின்பக்கம் போனபோது நீது கழிப்பறைக் கதவின் முன் நின்றுகொண்டிருந்தாள். கால்களைப் பின்னிக்கொண்டு, ஆனால் பொறுமையாக.

"என்னடி, இன்னும் போகலியா?"

"உள்ளே ஆள் இருக்காங்க."

வத்சலா கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவள் கையை எடுத்த பிறகு, தாழ்ப்பாள் நகரும் சிறிய சத்தம் கேட்டது. கதவு தானாக ஒரு விரற்கடை விலகியது.

உள்ளே யாருமில்லை.

தரை ஈரமாக இருந்தது. கோப்பை வெள்ளை வெளேரென்று பளபளத்தது. இத்தனை மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் அங்கே மட்டும் ஒரு சிலந்தி வலை இல்லை. தேய்த்துப் போட்ட எலுமிச்சைத் தோலின் மணம் சின்ன அறையில் நிறைந்திருந்தது.

"ஓமனா வந்து கழுவி வெச்சிருப்பா," என்றாள் வத்சலா, சற்று உரக்க. பக்கத்து வீட்டு ஓமனா அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டினாள். "நானா? என் வீட்டுதைக் கழுவவே எனக்கு நேரமில்ல. வந்ததும் வராததுமா என்னடி நையாண்டி?"

நீது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"போனியா?"

"இல்ல. வரல."

அந்தக் கழிப்பறை விலாசினியுடையது. அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். சசாங்கனின் அக்கா விலாசினி அங்கன்வாடியில் ஆயாவாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் வீட்டுக்கு ஒருமுறை இவள் போய், பின்பக்கம் ஒரு நடை பார்த்துவிட்டு வந்து, "மாப்பிள்ளை தங்கமானவருதான். ஆனா கோப்பை மஞ்சளா இருக்கு, எனக்கு வேண்டாம்," என்று சொன்னதாக ஊரே சொல்லிச் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். காலையில் எழுந்ததும் தென்னைநார்ப் பிரஷ்ஷையும் பிழிந்த எலுமிச்சைத் தோலையும் எடுத்துக்கொண்டு அங்கேதான் போவாள். தம்பி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே தேய்ப்பாள். நீது நடக்கப் பழகியதே அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டுதான்.

வெள்ளம் வந்தபோது எல்லோரையும் பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அத்தனை பேருக்கும் இரண்டு கழிப்பறைகள். இரண்டுமே மறுநாள் பொங்கிவிட்டன. தண்ணீருக்குள் மூழ்கிய ஊரில் கழிவு போவதற்கு வழியில்லாமல் வந்த வழியே திரும்பி வரும். ஆண்கள் எங்காவது போய்க்கொண்டார்கள். பெண்கள் இருட்டும்வரை காத்திருந்து, வள்ளத்தில் ஏறி, கோரைப் புதர்ப் பக்கமாக ஒதுங்கினார்கள். விலாசினி போகவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். கேட்டால் தாகமில்லை என்றாள். பிறகு கஞ்சியையும் நிறுத்தினாள். முகம் வீங்கியது. காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரிப் படகு வந்து சேர்ந்தபோது அவள் யாரையும் அடையாளம் தெரியாமல், இரண்டு கைகளாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

இறந்த பிறகும் அந்தக் கைகளைப் பிரிக்கச் சிரமப்பட்டார்கள்.

*

வந்த மறுநாள் காலை கழிப்பறை பொங்கியது.

வத்சலா பின்முற்றத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூடியிருந்த கதவுக்கடியிலிருந்து தண்ணீர் வந்து படியில் இறங்கியது. காலில் பட்டபோது சில்லென்றிருந்தது. அழுக்கு இல்லை. கழிப்பறை நாற்றமும் இல்லை. ஊறிய வைக்கோல், முளைவிட்டு அழுகிய நெல், மழை. அந்த வாடையை அவள் எங்கே முகர்ந்திருக்கிறாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீரோடு ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து மிதந்து வந்து அவள் காலருகே நின்றது. சித்திரையில் உப்பு ஏறினால் காயலில் இருக்கும் ஆகாயத்தாமரை எல்லாம் கருகிப் போய்விடும். இது உப்பையே காணாதது போலப் பச்சைப்பசேலென்று இருந்தது.

சசாங்கன் ஓடிவந்தான். பார்த்தான். கொல்லைக்குப் போய் ஒரு சாக்கில் மணலை அள்ளி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கோப்பையின் மேல் அழுத்தி வைத்தான். வெள்ளம் வந்தால் அந்த ஊரில் யாரும் செய்கிற முதல் வேலை அது. அரிசியைப் பரணில் ஏற்றுவார்கள், கோப்பையை மூட்டையால் அடைப்பார்கள். வெள்ளமில்லாத நாளில் எதை அடைக்கிறோம் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. கை தானாகச் செய்தது.

தண்ணீர் நின்றது.

அன்றிலிருந்து நீது தண்ணீர் குடிக்கவில்லை.

வத்சலா முதலில் கவனிக்கவில்லை. சீரகத் தண்ணீர் வைத்த தம்ளர் ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நீது தம்ளரை வாழையடியில் கவிழ்த்துவிட்டு, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உதடுகள் வெடித்திருந்தன.

"ஏன்டீ இப்படிப் பண்ற?"

"தாகமில்லம்மா."

அந்தச் சொல் வத்சலாவின் முதுகில் ஊர்ந்து இறங்கியது.

"ஓமனா வீட்டுக் கக்கூஸுக்குப் போயிட்டு வா. நானும் வரேன்."

"வேண்டாம். நான் இங்கேதான் போவேன். அவங்க வரட்டும்."

"யாரு வரணும்?"

நீது போய் அந்தக் கதவின் முன் நின்றுகொண்டாள். கைகளை அடிவயிற்றில் கோத்துக்கொண்டு, வரிசையில் நிற்பது போல.

*

செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிற அந்தப்பன் தன் வள்ளத்தில் டிரம்மும் பம்ப்பும் ஏற்றிக்கொண்டு வந்தான். ஓயாமல் பேசுகிற ஆள்.

"டேங்க் நிறைஞ்சா பொங்கும். பொங்கினா நான் வருவேன். நான் வந்தா ஊரே மூக்கைப் பொத்தும். என் பொண்டாட்டி மட்டும்தான் பொத்த மாட்டா, அவளுக்கு ஜலதோஷம்." நீதுவைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் சிரிக்கவில்லை.

ஒரு கை ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிற மண் அது. அதனால் அங்கே டேங்க்கைத் தரைக்கு மேலே, மார்பளவு உயரப் பெட்டி போலக் கட்டுவார்கள். அந்தப்பன் அதன்மேல் ஏறி, கடப்பாரையால் மூடியை நெம்பி, டார்ச்சை உள்ளே அடித்தான். அடித்தபடியே இருந்தான்.

"சேட்டா, இதுல ஒண்ணுமே இல்ல. காஞ்சு கிடக்கு." ஒரு செங்கல் துண்டை உள்ளே போட்டான். காய்ந்த சத்தம் எழுந்தது. "அப்போ பொங்கினது எங்கேருந்து?"

அவன் நிமிர்ந்தபோதுதான் காலடியைப் பார்த்தான். சிலாப் முழுவதும் கரிந்து கறுத்திருந்தது. நடுவில் சூட்டில் விட்ட விரிசல்கள்.

"இதென்ன, டேங்க் மேல அடுப்பு கூட்டியிருக்கீங்க? யாரு வீட்டுக் கல்யாணப் பிரியாணி?"

"எங்க விலாசினி சேச்சியை," என்றான் சசாங்கன்.

அந்தப்பனுக்கு உடனே புரியவில்லை.

"வீட்டு மண்ணுலதான் என்னை எரிக்கணும்னு சேச்சி எப்பவும் சொல்லுவா. கொண்டு வந்தோம். மண்ணே இல்ல. இடுப்புக்கு மேல தண்ணி. இது ஒண்ணுதான் வெளியே தெரிஞ்சுது." கரிந்த சிலாப்பைக் கையால் காட்டினான். "இதுமேல செங்கல்லை அடுக்கித்தான்... வேற என்ன பண்றது, சொல்லு? வேற என்ன பண்ணியிருக்க முடியும்?"

அந்தப்பன் மூடியை மெதுவாக நகர்த்தி, சத்தம் வராமல் பொருத்தினான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். பார்த்துப் பார்த்துக் கீழே இறங்கினான்.

"மன்னிச்சுக்கோங்க சேச்சி," என்றான். அவன் பார்வை சிலாப்பில் இருந்தது.

கூலி வாங்காமல் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

வத்சலா திரும்பினாள். நீது பின்வாசலில் நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் நீது. "நான் வள்ளத்துல உக்காந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"மோளே..."

"நான் போனா அத்தை மேலதானேம்மா போகும்?"

சசாங்கன் முகத்தை மூடிக்கொண்டு தென்னையடியில் உட்கார்ந்துவிட்டான். வத்சலா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அனலாகக் கொதித்தது உடம்பு.

"அத்தையோட அஸ்தியை ஆத்துல விட்டாச்சுடி. இங்கே ஒண்ணும் இல்ல."

"இருக்காங்கம்மா. உள்ளேதான் இருக்காங்க. அவங்களுக்கு வர மாட்டேங்குது. நாமதான் அடைச்சு வெச்சிட்டோமே."

*

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டியூப் வைத்துச் சிறுநீரை எடுத்தார்கள். டாக்டரம்மா வத்சலாவைத் தனியே கூப்பிட்டு, இப்படியே அடக்கினால் கிட்னி போய்விடும், விளையாட்டில்லை என்று கண்டிப்பாகச் சொன்னாள். நீது எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீடு திரும்பியதும் மறுபடியும் வாயை இறுக மூடிக்கொண்டாள். இரண்டாம் நாள் கண்ணிமைகள் வீங்கின. கன்னம் வீங்கியது. அந்த வீக்கத்தை அந்த வீட்டில் எல்லோரும் ஒரு தடவை பார்த்திருக்கிறார்கள்.

சசாங்கன் மோட்டார் படகு கூட்டிவர ஓடினான். எங்காவது கொண்டுபோய்விட வேண்டும், திரும்பி வரவே கூடாது என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

உச்சி வெயில். காற்றில்லை. தென்னை ஓலைகள் அசையவில்லை. வீட்டில் வத்சலாவும், பாயில் முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடந்த நீதுவும் மட்டும்.

பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

சரக். சரக்.

சிமெண்டில் தென்னைநார்ப் பிரஷ் தேய்கிற சத்தம்.

"அம்மா," என்றாள் நீது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "போய்க் கதவைத் தட்டும்மா. அத்தைகிட்ட சீக்கிரம் வரச் சொல்லு. என்னால முடியல."

வத்சலா எழுந்தாள். முற்றத்து வெயிலில் கண் கூசியது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அதன் இடுக்குகளில் ஈரம் கசிந்தது. கையை உயர்த்தினாள். தட்டினாள்.

பிரஷ் சத்தம் நின்றது.

உள்ளே ஒரு செருமல்.

ஆள் இருக்கிறது என்று வெளியே நிற்பவருக்குச் சொல்கிற, கூச்சமான, சின்னச் செருமல்.

"சேச்சி?"

கதவுக்கு மிக அருகிலிருந்து, மரத்தில் வாயை வைத்துச் சொல்வது போல, ஒரு மூச்சுக்குரல் வந்தது.

"வத்சலே. கூட வர்றியா?"

வத்சலா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

முகாமில் ஒரு மத்தியானம் விலாசினி வந்து அவள் தோளைத் தொட்டாள். அவ்வளவு கூட்டத்தில் யாருக்கும் கேட்காமல், இதே குரலில், "வத்சலே, வள்ளத்துல என்கூட வர்றியா?" என்று கேட்டாள். வத்சலா இரவெல்லாம் தூங்கியிருக்கவில்லை. மடியில் நீது தூங்கிக்கொண்டிருந்தாள். "இருட்டட்டும் சேச்சி, எல்லாரும் பார்ப்பாங்க," என்றாள். விலாசினி சரி என்று தலையாட்டிவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். இருட்டிய பிறகு அவள் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

"வர்றேன் சேச்சி," என்றாள் வத்சலா. "இப்பவே வர்றேன்."

தாழ்ப்பாள் நகர்ந்தது.

உள்ளே யாருமில்லை. கோப்பையின் மேல் மணல் மூட்டை மட்டும். அது மேலே எழுந்தது, தாழ்ந்தது. எழுந்தது, தாழ்ந்தது. வலியில் மூச்சு விடுகிற வயிறு போல.

வத்சலா மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கீழேயிருந்து ஏதோ முட்டித் தள்ளும் என்றுதான் நினைத்திருந்தாள். அப்படியில்லை. கீழே இருந்தது மூட்டையைத் தன் பக்கமே பிடித்து வைத்திருந்தது.

அடக்கிக்கொண்டிருந்தது.

"போதும் சேச்சி," என்றாள். கண்ணீர் வாயில் உப்புக் கரித்தது. "விடு. யாரும் பார்க்கல. இது உன் வீடு. உன் இடம். கையை எடு சேச்சி."

பிடி மெல்லத் தளர்ந்தது. மூட்டை அவள் மார்பில் வந்து விழுந்தது. அதை வெளியே எறிந்துவிட்டு, கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படியில் நின்றாள்.

"நான் வாசல்ல நிக்கிறேன். ஒருத்தரையும் விட மாட்டேன். நீ நிதானமாப் போ."

தண்ணீர் வந்தது.

முதலில் சில்லென்று வந்தது. வைக்கோலும் முளைவிட்ட நெல்லும் வந்தன. விரல்நீள மீன் ஒன்று படியில் துள்ளி, முற்றத்துப் புழுதியில் வாயைத் திறந்து திறந்து மூடியது. அவள் கணுக்கால் மூழ்கியது. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, அது வெதுவெதுப்பாக மாறியது.

உடம்புச் சூடு.

வத்சலா காலை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. அதைத் தொடர்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. முற்றம் நனைந்து, வரப்பு நனைந்து, வழிந்து காயலில் இறங்கியது. ஒரு மனுஷி இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள் என்று வத்சலா நினைத்தாள். தென்னையின் நிழல் அவள் காலடியிலிருந்து வேலிவரை நகர்ந்துவிட்டது.

ஒருவழியாக நின்றது.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. ஈரமான ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு கடந்தது. எலுமிச்சைத் தோலின் மணம் ஒரு கணம் முகத்தில் பட்டு விலகியது.

நீது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தைக்கு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுடி."

"அப்ப இனி நான்."

உள்ளே போனாள். வத்சலா அங்கேயே நின்றாள். சாதாரணமான, உயிருள்ள அந்தச் சத்தம் கேட்டபோது அவள் படியில் உட்கார்ந்து, மோட்டார் படகோடு சசாங்கன் வந்து தூக்கும்வரை, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். நீது செம்பை இரண்டு கையாலும் பிடித்து, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள். இன்னொரு செம்பு கேட்டாள்.

*

மழைக்கு முன் சசாங்கன் பழைய கழிப்பறையை இடித்தான். வேறு மூலையில், தூண்களின் மேல் உயர்த்திப் புதிதாகக் கட்டினான். கரிந்த சிலாப்பைத் துண்டு துண்டாகச் சுமந்து, இறந்தவர்களை எரிக்கிற தெற்குப் பக்கத்தில் புதைத்து, அதன்மேல் ஒரு தென்னங்கன்று வைத்தான். அதன் பிறகு அந்த வீட்டில் எதுவும் பொங்கவில்லை. நீதுவின் முகம் வற்றிப் பழையபடி ஆனது. பள்ளிக்கூடத்தில் கூடப் போகத் தொடங்கிவிட்டாள்.

கர்க்கடகத்தில் வெள்ளம் மறுபடியும் வந்தது. மறுபடியும் அதே முகாம். இரண்டு கழிப்பறைகளும் மறுபடியும் பொங்கின.

"அம்மா, எனக்குப் போகணும்," என்றாள் நீது. மத்தியானம். மழை தூறிக்கொண்டிருந்தது.

வத்சலா இருட்டும்வரை காத்திருக்கவில்லை. வள்ளத்தில் மகளை ஏற்றிக்கொண்டு தனியாகவே கோரைப் புதர்வரை தள்ளிக்கொண்டு போனாள். கழியைச் சேற்றில் ஊன்றினாள். சசாங்கனின் அகல வேட்டியை விரித்தாள். அங்கே பெண்கள் ஒருத்திக்கொருத்தி அப்படித்தான் மறைப்பு பிடிப்பார்கள், இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. வத்சலா தன் முனையைப் பிடித்துக்கொண்டு, பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயல் முழுவதும் ஒரே சாம்பல் நிறத் தண்ணீர். காற்று வலுத்தது. வேட்டி புடைத்தது, ஆனால் விலகவில்லை.

அந்த முனையை எதிலும் கட்டவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் திரும்பவில்லை.

"முடிஞ்சிருச்சும்மா," என்றாள் நீது. "துணியை விடலாம்."

வத்சலா தன் கையை விட்டாள். அவள் பக்கத்து முனை வள்ளத்துக்குள் சரிந்தது. மறுமுனை மட்டும் யாருமில்லாத காற்றில், ஒரு பெண்ணின் மார்பு உயரத்தில், இரண்டு விரல்களால் இறுக்கிப் பிடித்தது போல மடிப்பு விழுந்து நின்றது. நீது பாவாடையைச் சரிசெய்துகொண்டு நிமிரும்வரை அது கீழே விழவில்லை.